வயிற்றைப் பிசைந்த பூனை

பூனை துணியைப் பிசைவதைப் பார்த்திருப்பீர்கள். இப்போதெல்லாம் அதைப் பார்ப்பதற்குப் பூனை வளர்க்கவே வேண்டாம், கைபேசி இருந்தால் போதும். போர்வை மேல் ஏறி நின்றுகொண்டு, முன்னங்கால்கள் இரண்டையும் மாற்றி மாற்றி அமுக்கி, கண்ணை அரைகுறையாக மூடியபடி சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி பிசையும். சூலக்கரையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு ஒருவராவது அப்படி ஒரு வீடியோவைப் போட்டு, கீழே சிரிப்புப் பொம்மைகளை வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தப் பூனை போர்வையைப் பிசையப் பிசைய எனக்கு வயிற்றைப் பிசையும். நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். தாகமெல்லாம் ஒன்றும் இருக்காது.

கால்நடைத் துறையில் இருக்கும் தோழி ஒருத்தி இதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறாள். குட்டி பால் குடிக்கும்போது தாயின் வயிற்றை அமுக்கி அமுக்கிக் குடிக்குமாம். சீக்கிரமே தாயை விட்டுப் பிரிந்த குட்டிகள் வளர்ந்த பிறகும் துணியை வைத்துக்கொண்டு அதையே செய்யுமாம். அதிலும் எந்தத் துணியில் தனக்கு வேண்டியவரின் வாசனை இருக்கிறதோ அந்தத் துணியாகப் பார்த்துத் தேடிப் போகுமாம். இவ்வளவுதான் விஷயம். இதை ஒன்பது வயதில் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், எங்கள் வீட்டில் ஒரு வேலைநாள் பாழாகியிருக்காது. நானும் நடுரோட்டில் முதுகில் அடி வாங்கியிருக்க மாட்டேன்.

எங்கள் ஊர் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. அம்மா பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர இருபது நாளாகும். வீட்டில் எங்களோடு மாமா இருந்தார், அம்மாவின் தம்பி. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில் வேலை. எதையும் நேராகச் சொல்லத் தெரியாத மனுஷர். மழை பெய்கிறது என்றால்கூட, மேலே எவனோ பைப்பை மூட மறந்துட்டான் என்பார். நான் அதை நம்பி மேலே பார்ப்பேன்.

பூனையைக் கொண்டுவந்ததும் அவர்தான். பிரஸ்ஸில் காகித பண்டல்களுக்கு நடுவே தாய் போட்டுவிட்டுப் போன குட்டி. கண் திறந்து நாலைந்து நாள்கூட ஆகியிருக்காது. சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் விட்டார்.

“இருக்கிற சீவன்களுக்குக் கஞ்சி ஊத்தவே நேரமில்ல, இதுல இது வேறயாலே?” என்று அம்மா கத்தினாள். கத்திக்கொண்டே, கம்பெனிக்குப் போட்டுப் போட்டு நைந்துபோன ஒரு பழைய சட்டையின் கையைக் கிழித்துப் பாலில் நனைத்து அதன் வாயில் வைத்தாள். அது துணியைப் பற்றிக்கொண்டு உறிஞ்சியது. பத்துப் பதினைந்து நாள் அப்படித்தான் பால் குடித்தது. அதற்கு அம்மா என்றால் அந்தத் துணிதான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கம்பெனிச் சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பட்டாசு வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். முழுக்கை, காட்டன். சேலையும் காட்டன்தான். நைலான், பாலியஸ்டர் எதற்கும் கேட்டுக்குள் இடமில்லை. அம்மாவிடம் அப்பாவின் பழைய சட்டைகள் இரண்டு இருந்தன. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி வரும்போது அம்மாவின் கை, கழுத்து, புருவம் எல்லாம் வெள்ளியாக மினுங்கும். நான் ஓடிப்போனால் தூரத்திலிருந்தே கையை நீட்டித் தடுப்பாள்.

“பக்கத்துல வராத. மருந்து.”

நேராகப் பின்பக்கம் போய்க் குளித்து, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் என்னைத் தொடுவாள். காலையில் ஏழு மணிக்குப் போன அம்மா என் கைக்குக் கிடைக்க ஆறு மணி ஆகிவிடும். அப்போதும் அவள்மேல் சோப்பு வாசனைதான் இருக்கும். ஆனால் பூனைக்கு எந்தத் தடையும் கிடையாது. அம்மா சட்டையைக் கழற்றிப் போட்ட மறு நிமிஷம் அது எங்கிருந்தோ வந்து அதன்மேல் ஏறிவிடும். விரட்டினால் போகும், திரும்பினால் வரும். துவைத்து மடித்து வைத்தாலும் விடாது. கூடையில் இருக்கும் பதினைந்து துணிகளில் கம்பெனிச் சட்டையை மட்டும் இழுத்துக் கீழே தள்ளி, கைப்பக்கத்தை வாயில் வைத்துக்கொண்டு பிசையும். நான் தொடக் கூடாத துணியில் அது கண்ணை மூடிக்கொண்டு கிடப்பதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறாமைதான், வேறென்ன.

மற்ற துணிகளிடம் அது நடந்துகொண்ட விதத்தை வைத்துப் பார்த்தால் அதற்குப் பித்துப் பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். என் வெள்ளை சாக்ஸில் ஒன்றை மட்டும் கவ்விக்கொண்டு போய் உரலுக்குப் பின்னால் ஒளித்து வைக்கும். மாமா லுங்கியை உதறினால் அதன்மேல் பாயும். அப்பா ஊரிலிருந்து வந்து பேண்ட்டைக் கழற்றிப் போட்டால், மோந்து பார்த்துவிட்டு அதன்மேல் ஒன்றுக்கு இருந்துவிட்டுப் போகும். “இருவது நாளைக்கு ஒருக்க வர்ற ஆளு, அடையாளம் போட்டு வைக்குது” என்பார் மாமா. அப்பா மட்டும் சிரிக்க மாட்டார்.

அந்த வருஷம் தை மாதம் அப்பா வடக்கிலிருந்து ஒரு போர்வை வாங்கி வந்தார். பெரிய புலிப் படம் போட்டது, கையை வைத்தால் புதையும். எங்கள் ஊர் வெயிலுக்கு எதற்கு அந்தப் போர்வை என்று அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வறட்டுக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மாமா பூனையைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“மருமகளே, இங்கன வா. ஒரு அதிசயம் காட்டுறேன்.”

போர்வையை எடுத்து எங்கள் மூவர் தலைக்கும் சேர்த்து மூடினார். உள்ளே கும்மிருட்டு. போர்வையின் ஓரத்தால் பூனையின் முதுகை வேகமாக நாலு தடவை தேய்த்தார். சடசடவென்று ஒரு சத்தம் வந்தது. கூடவே, பூனையின் முதுகில் நீலமாகப் பொடிப் பொடியாகப் பொறி பறந்தது. பூனை ஒரு சீறு சீறி என் கையைப் பிராண்டிவிட்டு வெளியே பாய்ந்தது.

“பாத்தியா? அதுக்குள்ள அம்புட்டும் மருந்து. வாலுதான் திரி. பத்திரமா இருந்துக்கோ” என்றார் மாமா. சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அவருக்கு அது அத்தோடு முடிந்தது. எனக்கு அங்கேதான் ஆரம்பம். வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் இன்னொரு தடவை காட்டச் சொல்லிக் கேட்டிருக்கும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பொறி என்ற சொல் விளையாட்டுச் சொல் அல்ல. மத்தியானத்தில் எங்காவது டொம் என்று ஒரு சத்தம் கேட்டால், தெருவில் பெண்கள் வெளியே வந்து நின்று, எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். புகை தெரிகிற திசையைப் பார்த்துத் தங்கள் ஆள் போன கம்பெனி அது இல்லை என்று தெரிந்தவர்கள் உள்ளே போவார்கள். மற்றவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

அன்றைக்கே அம்மாவிடம் கேட்டேன், ஏன் கம்பெனிக்கு நைலான் சேலை கட்டக் கூடாது என்று. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“உரசுனா பொறி வரும்லா. அங்கன ஒரு பொட்டுப் பொறி பட்டாப் போதும்” என்றாள்.

“பருத்திச் சேலையில வராதா?”

“வராது. அப்பயும் மனுசர் மேல கொஞ்சம் கரண்டு இருக்கும்னு சொல்றாக. அதான் ரூமுக்குள்ள போறப்ப எல்லாரும் செம்பத் தொட்டுட்டுத்தான் உள்ள போவோம். தொட்டா அம்புட்டும் எறங்கிரும். தரையிலயும் தண்ணி ஊத்தி ஈரமாக்கிட்டுத்தான் மருந்தவே எடுப்போம். நீ எதுக்கு இதெல்லாம் கேக்க?”

சும்மா என்றேன். மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பூனைக்குள் பொறி இருக்கிறது. பூனை தினமும் கம்பெனிச் சட்டையில்தான் படுக்கிறது, அதைப் பிசைந்து பிசைந்து பொறியை உள்ளே இறக்குகிறது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அம்மா மருந்து ரூமுக்குள் போகிறாள். இதை அம்மாவிடம் சொன்னால் பூனையைச் சாக்கில் கட்டி எங்காவது விட்டுவிடச் சொல்லுவாள். பூனையும் வேண்டும், அம்மாவும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து என் கையில் இருந்த ஒரே மருந்து, செம்பைத் தொட வைப்பதுதான்.

எங்கள் வீட்டில் ஒரு செம்பு இருந்தது. எவர்சில்வர். கழுத்தில் பெயர் வெட்டியது, அம்மாவுக்குச் சீராக வந்தது. தண்ணீர் மொண்டு குடிக்கவும், விருந்தாள் வந்தால் நீட்டவும் அதுதான். கம்பெனியிலும் ரூம் வாசலில் அது மாதிரி ஒன்றை வைத்திருப்பார்கள், எல்லோரும் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போவார்கள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. செம்பு என்றால் எங்கள் வீட்டில் அந்தச் செம்புதான்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் அம்மா தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போனதும் நான் எழுந்துவிடுவேன். பூனையைத் தேடிப் பிடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு போய், நாலு காலையும் ஒவ்வொன்றாகச் செம்பில் வைத்து அழுத்துவேன். வாலையும் வைப்பேன், திரி என்று மாமா சொன்னதால். பிறகு சட்டையை எடுத்து அதையும் செம்பின் மேல் ஒரு சுற்றுச் சுற்றுவேன். பூனை சும்மா இருக்குமா? என் கையெல்லாம் கோடு கோடாகக் கீறல். பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடம் முள்ளு என்றேன். ஒருநாள் பாதியில் மாமா எழுந்து வந்து பார்த்துவிட்டார்.

“என்ன மருமகளே, காலங்காத்தால பூனைக்குத் தண்ணி காட்டுற?”

“அதுக்குத் தாகமாம்” என்றேன். அவர் என்னிடம் சொன்ன பொய்களுக்கு அது ஒன்று ஈடு.

ஒரு மாதத்துக்கு மேல் இது ஓடியது. தொட வைத்த நாளில் அம்மா வேனில் ஏறும்போது எனக்கு நிம்மதியாக இருக்கும். பூனை ஆட்டம் காட்டி, மூன்று காலோடு தப்பிவிட்ட நாளில் பள்ளிக்கூடத்தில் இருப்புக்கொள்ளாது. அந்த நாலாவது காலையே நினைத்துக்கொண்டிருப்பேன். ஐந்தரை மணிக்கு வேன் ஹாரன் கேட்கும்வரை, சோறு சாப்பிட்டாலும் பாண்டி விளையாடினாலும் பாதிக் காது ரோட்டில்தான் இருக்கும்.

அப்போதுதான் வகுப்பில் உலோகங்கள் பாடம் வந்தது. டீச்சர் ஒரு பையனை எழுப்பி, செம்பு என்ன நிறம் என்று கேட்டார். அவன் வெள்ளை என்றான். அவன் வீட்டிலும் எவர்சில்வர் செம்பு போலிருக்கிறது. வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அவன் சரியாகத்தானே சொன்னான் என்று நினைத்தேன். டீச்சர் மேஜை மேல் ஒரு கம்பித் துண்டை வைத்தார்.

“இதுதான் செம்பு. செவப்பா இருக்கா? கரண்டு இதுலதான் ஓடும். உங்க வீட்ல தண்ணி குடிக்கிறது பேருதான் செம்பு. அது செம்பே கிடையாது.”

அது செம்பே கிடையாது. ஒரு மாதமாக நான் ஒன்றையும் இறக்கவில்லை. ஒரு மாதத்துப் பொறி முழுவதும் அந்தச் சட்டைக்குள் அப்படியே இருக்கிறது. அம்மா இந்த நிமிஷம் அதைப் போட்டுக்கொண்டு மருந்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. ஐந்தரை மணிவரை எப்படி இருந்தேன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை. மூன்று தடவை ஒன்றுக்குப் போகக் கேட்டேன். நாலாவது தடவை டீச்சர் விடவில்லை.

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா வழக்கம் போல மினுங்கிக்கொண்டு இறங்கினாள். ஆனால் மறுநாள் இருக்கிறதே. வீட்டில் சிவப்பாக ஒரு பாத்திரமும் இல்லை, எல்லாம் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும். அம்மா சொன்னதில் மிச்சம் இருந்தது தண்ணீர் ஒன்றுதான்.

காலையில் அம்மா நைட்டியோடு குழாய்க்குப் போனாள். மாமா முதல் பஸ்ஸுக்கே போய்விட்டிருந்தார். நான் பின்பக்கம் இருந்த அண்டாவில் தண்ணீரை நிரப்பி, கம்பெனிச் சட்டை இரண்டையும் முக்கினேன். பூனை சேலைகளிலும் படுத்திருக்குமோ என்று தோன்றியது. கொடியில் கிடந்தது, கூடையில் இருந்தது என்று காட்டன் சேலை மூன்றையும் உள்ளே தள்ளி, ஏறி மிதித்தேன். பூனை மதில் மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. உன்னால்தான் எல்லாம் என்று அதனிடம் சொன்னேன்.

அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சேலை மாற்றக் கூடையைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். பின்பக்கம் ஓடிவந்து அண்டாவைப் பார்த்தாள்.

“ஏ கழுத! என்ன காரியம் பண்ணி வச்சிருக்க!”

நான் வாயைத் திறப்பதற்குள் ரோட்டில் ஹாரன் அடித்துவிட்டது. வடக்கே கல்யாண சீசன், கம்பெனியில் ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. யாரும் லீவு போடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அம்மா பீரோவைத் திறந்து கைக்கு வந்ததை இழுத்தாள். யாரோ கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுத்த நீலப் பூனம் சேலை. அதைச் சுற்றிக்கொண்டு, மாமாவின் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, ஏதோ முணுமுணுத்தபடி தூக்குவாளியோடு ஓடினாள்.

பூனம் சேலை. நைலான் ஜாதி. வழுவழுவென்று, உடம்போடு ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது சடசடக்கும் சேலை. பூனையின் பொறிக்குப் பயந்து, பொறியையே சுற்றி அம்மாவை அனுப்பிவிட்டேன்.

“அம்மா, அந்தச் சேலை வேண்டாம்மா!” என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். அதற்குள் வேன் கிளம்பிவிட்டது. செருப்பில்லாமல், பாவாடையெல்லாம் ஈரமாக, மெயின் ரோடுவரை ஓடினேன். வேன் சிவகாசிப் பக்கம் திரும்பிப் போய் மறைந்துவிட்டது.

ரோட்டோரம் ஒரு டீக்கடை இருந்தது. அதன் முன்னால் நின்றேன். நிற்க முடியவில்லை. புளிய மரத்துக்கும் மைல்கல்லுக்கும் நடந்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன். பள்ளிக்கூட மணி தூரத்தில் அடித்தது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“ஏ பிள்ள, பள்ளிக்கொடம் போகல? அங்கன யாருக்கு நிக்க?”

“எங்கம்மா வருவாக” என்றேன்.

“வேன் ஏழு மணிக்கே போச்சே?”

மறுபடி மைல்கல்வரை நடந்தேன். மணி எட்டரை இருக்கும். டொம் என்று ஒரு சத்தம் கேட்டது.

எனக்குக் கால் நின்றுவிட்டது. எந்தப் பக்கம் என்று கேட்கத் திரும்பினேன். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, “குவாரி” என்றார். தலையைக்கூடத் தூக்கவில்லை. குவாரியில் வெடி வைப்பது மத்தியானத்தில்தானே என்று எனக்குத் தோன்றியது. சிவகாசிப் பக்கத்து வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். புகை தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. அழுகைகூட வரவில்லை. உள்ளே, நான் அம்மாவைக் கொன்றுவிட்டேன் என்ற ஒரு வரி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது வயதில் நான் அப்படித்தான் நினைத்தேன், அதே வார்த்தைகளில்.

அரை மணி கழித்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. நீலச் சேலை இறங்கியது. பக்கத்தில் வந்து, என் ஈரப் பாவாடையையும் வெறுங்காலையும் பார்த்து, ஒன்றும் கேட்காமல் முதுகில் ஒன்று வைத்தாள்.

“ஒன்னால இன்னைக்கு கேட்டுலயே நிப்பாட்டிட்டாக! வேன்ல யார்ட்டயாச்சும் மாத்துச் சேலை இருக்கும்னு போனா ஒருத்திட்டயும் இல்ல. வாட்ச்மேன் அண்ணாச்சி, ஏம்மா ஊருக்கே கொள்ளி வைக்கவா வந்தன்னு அம்புட்டுப் பேரு முன்னாலயும் கேக்காரு...”

மீதியை நான் கேட்கவில்லை. அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டுவிட்டேன். அவளோடு மல்லுக்கட்டுவது போல அந்த வழுக்கும் சேலையை இரண்டு கையாலும் பிடித்துச் சுருட்டி, முகத்தை உள்ளே வைத்து அமுக்கினேன். மருந்து இல்லை, சோப்பும் இல்லை, ஓடிவந்த வேர்வை வாசனை. “விடுத்தா, ரோட்டுல வச்சு என்ன இது” என்று அம்மா சொன்னாள். நான் விடவில்லை. வீடுவரை அப்படியே பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். புலிப் போர்வை, பொறி, வால், செம்பு, டீச்சர், அண்டா. செம்பு இடத்தில் அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். “எவர்சில்வர்லயா? நாலு காலையுமா?” என்று கேட்டுக் கேட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “அது தகடுத்தா. வாசல்ல ஒரு செப்புத் தகடு அடிச்சிருப்பாக.” அப்புறம் என் கையைத் திருப்பிக் கீறல்களைப் பார்த்தாள். புதியது, பழையது, பொருக்கு விட்டது. சிரிப்பு மெல்ல நின்றுபோனது.

“தெனமும் பயந்துக்கிட்டா இருக்க, ஆத்தா?” என்று கேட்டாள்.

“தெனமும் இல்லம்மா. வேன் ஹாரன் கேக்குற வரைக்குந்தான்” என்றேன். சமாதானப்படுத்துவதாக நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன்.

அம்மா எழுந்துபோய் அண்டாவிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாகப் பிழிந்து காயப்போட்டாள். சாயங்காலம் மாமா வந்ததும் அவருக்குத் தனியாக அர்ச்சனை நடந்தது. “அக்கா, விளையாட்டுக்குச் சொன்னேன்க்கா” என்று அவர் கெஞ்சியதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பரம திருப்தியாக இருந்தது.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போகவில்லை. மாமாவின் பிரஸ்ஸில் காலண்டர் பைண்டிங் பிரிவில் சேர்ந்தாள். கேட்டவர்களிடம், “வேன் டயம் ஒத்து வரல” என்றாள். நானும் அதை நம்பினேன். வேனில் ஏறினால் ஊர் வாசலிலேயே இறங்கலாம், பிரஸ்ஸுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கிப்போய் வருவாள் என்பதெல்லாம் என் கண்ணில் பட்டதுதான். ஆனால் ஒத்து வராத வேனுக்குப் பதில் ஒத்து வராத இரண்டு பஸ் எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு வேறு வருத்தம் இருந்தது. அடுத்த தீபாவளிக்குக் கம்பெனிப் பட்டாசுப் பெட்டி வரவில்லை. இரண்டு நாள் அம்மாவோடு பேசாமல் இருந்தேன்.

பூனை எந்த வருத்தமும் படவில்லை. மருந்து போய்ப் பசை வந்த சட்டையையும் அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு பிசைந்தது. அதற்குத் தேவைப்பட்டது மருந்தும் இல்லை, பருத்தியும் இல்லை என்று அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. பூனைக்குப் பித்து என்று முடிவு செய்து, பழையபடி தூங்க ஆரம்பித்தேன்.

விளங்காதது அது மட்டுமில்லை. என்னிடம் பயமா என்று கேட்ட அம்மாவிடம், உனக்குப் பயமில்லையா என்று நான் திருப்பிக் கேட்கவே இல்லை. பயம் என்பது வெளியே நின்று ஹாரனுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு உள்ளது என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு ஒரு மாதம் தாங்கவில்லை. அவள் அந்த ரூமுக்குள் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தாள், அவளிடம் யாரும் கேட்டதில்லை.